வெள்ளை அட்டையின் பின்பக்கம்

உறுப்பினர் அவர்களுக்கு,
மூன்று மனு கொடுத்தேன், மூன்று ரசீது வந்தது.
இதற்கு ரசீது வேண்டாம்.

நான் அரியநாச்சி.
புதுவயல் பிரிவில் மின்கணக்கு எடுப்பவள்.
எண்களைத் தவிர வேறெதையும்
எழுதச் சொல்லி எனக்கு உத்தரவில்லை.
ஆகவே எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்டனூர்ச் சாலையில் ஒரு பெரிய வீடு.
முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில்.
பூட்டு.
போன முறை 4417. இந்த முறை 4417.
அத்தனை ஓட்டின் மேலும்
விடிந்ததிலிருந்து அடைகிற வரை
வெயில் கொட்டிக் கிடக்கிறது,
கையெழுத்துப் போட ஆளில்லாத
பதிவுத் தபால் மாதிரி.

அதே வீட்டின் மனையில், பின்சுவரை ஒட்டி
ரைஸ்மில் ஆட்களின் லைன் வீடுகள்.
பத்துக்குப் பத்து. மேலே தகரம்.
சேவுகமூர்த்தி வீட்டில் ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு.
மாசியில் தொண்ணூற்றாறு.
சித்திரையில் நூற்று எழுபத்தொன்று.
நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்:
"நிறுத்துனா புள்ள முழிச்சுக்குது."
பகலெல்லாம் நெல் அவிக்கிற இடத்தில் நிற்பவன்.
வீட்டுக்கு வந்த பிறகும்
அவிந்துகொண்டுதான் இருக்கிறான்.

தகரத்தின் மேல் இரண்டு சோலார் தகடு
போட்டுக்கொள்ளலாமா என்று
படிவம் வாங்கி வந்தான்.
ஆறாம் கட்டம்: கூரை உரிமையாளர் கையொப்பம்.
உரிமையாளர்கள் பதினேழு பங்காளிகள்.
நால்வர் பினாங்கில்.
இருவர் ஒருவரோடொருவர் கோர்ட்டில்.
ஒருவர் இருக்கிறாரா என்றே தெரியவில்லை.
படிவம் இப்போது
தொட்டில் கயிற்றில் செருகியிருக்கிறது,
விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டு.

உங்கள் தெரிவுக்குழுவில் ஒரு சட்டமுன்வடிவு
இரண்டு கூட்டத்தொடராகத் தூங்குகிறதாம்.
குடியிருப்பவனுக்கும் வெயிலில் பங்கு உண்டு,
பூட்டிய கூரையை ஊர் குத்தகைக்கு எடுக்கலாம்,
கரி உலைகளுக்குக் கடைசித் தேதி இது என்று
அதில் எழுதியிருக்கிறதாம்.
படித்துப் பார்த்தேன்.
எனக்கே புரிகிறது.

கரியை எரிக்கிறோம், விசிறி சுற்ற.
விசிறி சுற்றுகிறது, கரி கூட்டிய சூட்டை ஆற்ற.
வட்டி கட்டக் கடன் வாங்குவது என்பார்கள் இதை.
ஐந்தொகை போடத் தெரிந்த ஊர் இது.
இப்படியொரு பேரேட்டைக் கொண்டுபோய் வைத்தால்
சின்னக் கணக்கப்பிள்ளைகூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
"முதலுக்கே மோசம்" என்பான்.

ஊரணியிலும் கணக்கெடுக்கிறேன், யாரும் சொல்லாமலே.
முன்பெல்லாம் இந்த மாதத்தில்
ஒன்பது படி தெரியும்.
இன்று காலை பதினான்கு.
தையில் களத்தில் காய்ந்த நெல்லை
ஒரே ராத்திரி மழை முளைக்க வைத்தது.
அந்த மழை எந்தப் படியில் நின்றது என்று
ஊரணிக்கும் தெரியவில்லை.

போன மாதம் பள்ளிக் கட்டடம் திறக்க வந்தீர்கள்.
மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் வந்தது.
அது போட்ட சத்தத்தில்
உங்கள் பேச்சில் "பருவநிலை" மட்டும்
என் காதில் விழுந்தது.
பாக்கியும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

அவைத்தலைவர் கேட்பார்:
ஆதரிப்போர் 'ஆம்' என்க.
ஆ, இரண்டு மாத்திரை. ம், அரை.
கூட்டினால் இரண்டரை.
இரண்டரை முறை கண் இமைக்கும் நேரம்
உங்களிடம் கேட்கிறேன்.
கடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் இடம் முடிகிறது.
ஆனியில் மறுபடி போவேன்.
பூட்டிய வீட்டில் 4417தான் இருக்கும்.
அடுத்த கதவைப் பற்றி
என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஒன்று சொல்ல மறந்தேன்:
சேவுகமூர்த்தி உங்கள் செல் நம்பரைக் கேட்டான்,
கொடுத்துவிட்டேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு விசிறி நின்றால்
கூப்பிடுவான்.
எடுங்கள்.
பேச மாட்டான், பிள்ளையைப் பக்கத்தில் பிடிப்பான்.